வேட்டுச் சத்தம் கேட்ட பிறகு

திரையில் முதலில் தெரிந்தது ஒரு மூட்டை. மூட்டைக்குக் கீழே ஒரு தலை, அதற்குக் கீழே பச்சைச் சேலை. வெற்றிசெல்வனுக்கு அதற்கு மேல் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் அந்த நடை உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவன் கூடப் பிறந்த அக்கா வெள்ளச்சி.

"ஐயோ" என்றான். சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் நாலு வருஷமாக மூடிக் கிடந்த கருங்கல் குவாரி அது. நடுப்பள்ளத்தில் இரும்புச் சட்டம் போட்டு, இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு ராக்கெட் மோட்டாரைப் படுக்க வைத்துக் கட்டியிருந்தார்கள். அதன் வாய் மலைப் பக்கம் பார்த்திருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் பொத்தானை அழுத்தினார்கள். திரி மட்டும் 'டம்' என்று வெடித்தது. அந்தத் திரி உள்ளே இருக்கிற மருந்தைப் பற்ற வைத்து, ஒன்பது விநாடி அந்த வாய் வழியாக நெருப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நூல் போலக் கொஞ்சம் புகை வந்து அதோடு நின்றுவிட்டது.

இப்படி நின்றுபோன மோட்டாரை விட மோசமான சாமான் கிடையாது. உள்ளே அணைந்துவிட்டதா, கனன்றுகொண்டிருக்கிறதா, யாருக்குத் தெரியும்? இந்த நொடியே பிடிக்கலாம், கால் மணி கழித்தும் பிடிக்கலாம். அரை மணி நேரம் கான்கிரீட் அறையை விட்டு ஒருவரும் வெளியே கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். அந்த வாய்க்கு நேர் எதிரே, கல்லெறி தூரத்தில் குறுக்கே போகிற ஒற்றையடிப் பாதையை நோக்கித்தான் வெள்ளச்சி இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையாக இன்னும் ஆறு மூட்டைகள் தெரிந்தன.

"அண்ணா, யார் இவங்கள்லாம்? மேல சொல்லிட்டேன்னு சொன்னீங்களே!" என்று கத்தினாள் தமிழ்மொழி. சோதனைக்குப் பொறுப்பாளி அவள். தியாகதுருகத்துப் பெண், இருபத்தொன்பது வயது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சொல்லியிருந்தான். சொல்லாமல் என்ன? சொன்ன லட்சணத்தைக் கேளுங்கள்.

மலைமேல் எட்டிமரத்தூர் என்று முப்பது வீட்டு ஊர். அங்கே சாமை விதைத்துச் சாப்பிட்ட குடும்பத்தில் பிறந்து, கள்ளக்குறிச்சியில் ஐ.டி.ஐ. படித்து, ஐதராபாத்துப் பக்கம் ஏவுகணை செய்கிற இடத்தில் வேலைக்குப் போனவன் வெற்றிசெல்வன். சேர்ந்த அன்றைக்கே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இங்கே பார்ப்பது, கேட்பது, தொடுவது எதையும் வெளியே சொல்லக் கூடாது, பெண்டாட்டியிடமும் மூச்சு விடக் கூடாது என்றார் அதிகாரி. அன்றைக்கு இவனுக்குப் பெண்டாட்டியே கிடையாது. ஆனாலும் சாமி முன்னால் நிற்கிறவன் மாதிரி தலையாட்டினான். அப்புறம் வந்த பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "பெயின்ட் கம்பெனி" என்றான். மருந்து கலந்து குழாயில் ஊற்றுவதும் திரி பொருத்துவதும்தான் வேலை, கையில் எப்போதும் கறை இருக்கும், அதனால் பெயின்ட் நன்றாகப் பொருந்திப் போயிற்று. வெள்ளச்சி மகன் கல்யாணத்துக்கு வந்தபோது புதுப் பெண் மீனா, "பெயின்ட் கம்பெனில இருக்கீங்க, வூட்டுக்கு ரெண்டு டப்பா நீலம் எட்டாந்திருக்கலாம்ல சித்தப்பா" என்று வாயாடினாள். இந்த மகாராசன் என்ன செய்தான் தெரியுமா? மறுநாள் கச்சிராயபாளையத்துக்கு இறங்கி, கடையில் இரண்டு டப்பா வாங்கி, லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கம்பெனிச் சரக்கு என்று கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த வீட்டுச் சுவர் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. இப்படி ஒரு மனுஷன்!

இருபத்தொரு வருஷம் கழித்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, போன வருஷம் சென்னையில் ஒரு ராக்கெட் கம்பெனியில் சேர்ந்தான். சின்னக் கம்பெனி. எல்லாம் சின்னப் பிள்ளைகள். மழை, காற்று அளக்கிற கருவியை உயரே கொண்டுபோகும் ராக்கெட்டை முதலில் செய்து, பிறகு செயற்கைக்கோள் ஏற்றப் போகிறார்கள். முதல் நாள் பட்டறைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஐதராபாத்தில் பார்த்த அதே குழாய், அதே மருந்து, அதே திரி. முனையில் வைக்கிற பொருள் மட்டும் வேறு. அங்கே அது என்ன என்பதை இவனுக்கு யாரும் காட்டியதில்லை. இங்கே ஒரு பெண் அதை உள்ளங்கையில் வைத்து, "இதுதான் அண்ணா ஈரப்பதம் பாக்குறது" என்று காட்டினாள். அன்றைக்கு மத்தியானம் வெற்றிசெல்வன் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டான்.

ஆனால் மாறினது வேலைதானே, வாய் மாறவில்லையே! அந்தப் பிள்ளைகள் பொழுது விடிந்தால் போனும் கையுமாக நிற்பார்கள். திருகாணி முடுக்கினாலும் வீடியோ, இட்லி சாப்பிட்டாலும் வீடியோ. அதை ஊருக்கெல்லாம் போட்டுவிடுவார்கள். கேமரா திரும்பினால் போதும், வெற்றிசெல்வன் பீப்பாய்க்குப் பின்னால் போய் நிற்பான். "அண்ணா, இது ரகசியம் இல்ல அண்ணா, நாம சொன்னாத்தான் நாலு பேருக்குத் தெரியும்" என்று தமிழ்மொழி கெஞ்சிப் பார்த்தாள். இவன் சிரிப்பான். ராக்கெட் ஒருநாள் வானத்துக்குப் போகட்டும், அன்றைக்கு அக்காவை முதல் வரிசையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான்.

குவாரியைக் குத்தகைக்கு எடுத்தபோது, மலையிலிருந்து இறங்கும் பாதை பக்கத்திலேயே போகிறது என்று தெரிந்தது. தமிழ்மொழி ஒரு நோட்டீஸ் எழுதி முந்நூறு பிரதி அச்சடித்தாள். "நீங்க அந்த ஊர்க்காரர், நீங்களே குடுத்து நல்லா விளக்கிச் சொல்லிடுங்க அண்ணா" என்று நோட்டீஸ் கட்டை இவன் கையில் கொடுத்தாள்.

எட்டிமரத்தூர் எல்லையில் வண்டியை நிறுத்தி, கட்டை எடுத்து ஒருதரம் பார்த்தான். 'ராக்கெட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைக் கொடுத்தால் என்ன ராக்கெட், எதற்கு ராக்கெட், உனக்கு என்ன வேலை, அப்போ பெயின்ட் என்னடா ஆச்சு என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும்.  வண்டி சீட்டுக்கு அடியில் நோட்டீஸைத் திணித்துவிட்டு ஊருக்குள் போனான்.

"குவாரில மறுபடியும் வேட்டு வெக்கப் போறாங்க" என்றான் கூடியிருந்தவர்களிடம். "வியாழக்கெழம காலைல பத்து மணிக்கு. வேட்டுச் சத்தம் கேக்கற வரிக்கும் யாரும் எறங்காதீங்க."

"அவ்ளோதான?" என்றாள் வெள்ளச்சி. "எங்களுக்குத் தெரியாத வேட்டா?"

அங்கேதான் குடி கெட்டது. குவாரி ஓடிய பதினைந்து வருஷமும் அந்த ஜனங்கள் பிழைத்து நடமாடியது ஒரே வழக்கத்தை நம்பித்தான். சிவப்புக் கொடி கட்டினால் நிற்க வேண்டும். வேட்டுப் போட்டாகிவிட்டால் ஆபத்து தீர்ந்தது. பிறகு சங்கு ஊதுவார்கள். சங்கு ஊதினால் வழி திறந்தாயிற்று, தாராளமாகப் போகலாம். கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு இது. பாறைக்கு வெடி வைத்தால் சத்தம் கேட்ட பிறகு பயமில்லை. ராக்கெட் மோட்டாருக்கு இது அப்படியே தலைகீழ் என்று அவர்களுக்கு யார் சொன்னது? சொல்ல வேண்டியவன் சீட்டுக்கு அடியில் அல்லவா வைத்துவிட்டான்!

அது போதாதென்று, கீழ்ப்பக்கம் காவலுக்கு அம்மாசி என்ற ஆளை நிறுத்தியபோது, "மேல் பக்கம் வேணாம்மா, எல்லாம் நம்ம ஜனங்க, ஒரு ஈ காக்கா வராது" என்று தமிழ்மொழிக்கு உறுதியும் கொடுத்திருந்தான். மேலே ஒரு கயிறும் சிவப்புக் கொடியும் மட்டும்தான். அந்தக் கயிற்றைத்தான் இப்போது வெள்ளச்சி ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். மற்றவர்கள் மூட்டையோடு குனிந்து நுழைந்தார்கள். வியாழக்கிழமை சந்தைக்குக் கடுக்காயும் புளியும் போகின்றன.

"சங்கை அடி!" என்றான் யாரோ ஒரு பையன். தமிழ்மொழி அபாயச் சங்கின் பொத்தானில் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள்.

குவாரி முழுக்க ஊளையிட்டது. திரையில் ஏழு பேரும் ஒரு கணம் நின்றார்கள். பிறகு வெள்ளச்சி பின்னால் திரும்பி ஏதோ சொன்னாள். ஏழு பேரும் முன்னை விட வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள்.

"ஏன் வர்றாங்க? ஏன் இன்னும் வேகமா வர்றாங்க?" தமிழ்மொழியின் குரல் கிழிந்தது.

வெற்றிசெல்வனுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் சொல் பேச்சுக் கேட்காமல் வரவில்லை. இவன் சொன்னதைச் சொன்னபடி கேட்டுத்தான் வருகிறார்கள். "சங்கை நிறுத்தும்மா, சங்கை நிறுத்து!" என்று அலறிக்கொண்டே கதவின் தாழ்ப்பாளை இழுத்தான். இரண்டு பேர் சட்டையைப் பிடித்தார்கள். சட்டைப் பை கிழிந்து அவர்கள் கையோடு போயிற்று. அவன் வெளியே ஓடினான்.

ஜல்லியும் உடைகல்லும் காலுக்கு அடியில் உருண்டன. அறையிலிருந்து பாதைக்குப் போக வேண்டுமானால் மோட்டாரின் வாய்க்கு நேர் முன்னால் குறுக்கே கடக்க வேண்டும். வேறு வழியில்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு போலக் கேட்டது, அல்லது அவனுடைய காதுதான் அப்படிக் கேட்டுக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தான். எதிர்ச் சரிவில் ஏறி, பாதையைத் தொட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசினான்.

வெள்ளச்சி அவனைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, எந்தம்பியே எதுக்கால வந்துட்டான்! நான்தான் சொன்னேனே, முடிஞ்சிப் போச்சின்னு" என்றாள் பின்னால் வருகிறவர்களிடம்.

"திரும்பிப் போக்கா! வெடிக்கப் போவுது! திரும்பிப் போ!"

"இன்னாடா ஒளற்ற? அதான் வெடிச்சிட்டுதே. மேல புளியமரத்தாண்ட ஒக்காந்துக்கினு காதால கேட்டோம்."

"அது இல்லக்கா! இது வேற! இது ராக்கெட்டு!"

ஒரு கணம் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு சிரித்துவிட்டார்கள். "தீவாளிக்கு இன்னும் நாளு கீது சித்தப்பா" என்றாள் மீனா, மூட்டையைத் தலையில் சரி செய்துகொண்டே. "சந்தைக்கு நேரமாச்சி, வழி வுடுங்க." இன்னும் இருபது அடி வைத்தால் வாய்க்கு நேரே வந்துவிடுவார்கள்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து உண்மையைச் சொன்னான், அதை மனுஷர் யாரும் நம்பவில்லை. நம்புவதற்கு அவர்களிடம் என்ன இருந்தது? பெயின்ட் டப்பா இருந்தது, வேட்டு இருந்தது. ராக்கெட்டை அவன் எங்கே கொடுத்தான்?  இவர்களுக்கு முதலிலிருந்து விளக்கிச் சொல்ல நேரமில்லை. இவர்கள் நம்பக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும், இந்த நிமிஷமே சொல்ல வேண்டும்.

"கரடி!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "கரடி! குட்டியோட நிக்குது! பள்ளத்துல! ஏறுங்க மேல, ஏறுங்க!"

குவாரி மூடியதிலிருந்து பாறை இடுக்குகளில் கரடி வந்து போவது அந்த ஊருக்கே தெரியும். போன மாசியில் வெள்ளச்சியின் கொழுந்தனார் ஒருவருக்குத் தோள்பட்டை போயிற்று. சிரிப்பு பட்டென்று அறுந்தது. ஏழு மூட்டைகளும் தொப்புத் தொப்பென்று விழுந்தன. "அய்யோ சாமி" என்று ஒருத்தி கூவ, சேலையைத் தொடைக்கு மேல் வாரிச் சுருட்டிக்கொண்டு மலையைப் பார்த்து ஓடினார்கள். வெள்ளச்சியால் ஓட முடியவில்லை. வெற்றிசெல்வன் அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பாதி இழுத்துக்கொண்டும் பாதி சுமந்துகொண்டும் ஓடினான். கயிற்றைத் தாண்டி, பெரிய பாறைக்குப் பின்னால் போய் விழுந்தார்கள்.

அப்போது மருந்து பிடித்தது.

முதலில் சத்தம் வரவில்லை, வெளிச்சம்தான் வந்தது. பகல் பத்து மணி வெயிலில் பாறையின் நிழல் புதிதாக ஒரு பக்கம் விழுந்தது. பிறகு அந்த இரைச்சல். ஒன்பது விநாடி என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். படுத்துக்கிடந்த எட்டுப் பேருக்கும் அது தீரவே இல்லை. நெஞ்சுக்கூடு நடுங்கியது, பல் கிட்டிப்போயிற்று, சூடான காற்று தலைமுடியைப் பொசுக்கிக்கொண்டு மேலே போயிற்று. யாரோ ஒரு பெண் வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. பட்டென்று எல்லாம் நின்றது. சிறுகல் மட்டும் எங்கோ சரிந்துகொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதலில் எழுந்தவள் வெள்ளச்சி. பாறையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பாதையே இல்லை. அவர்கள் நின்ற இடம், நடந்த இடம், சிரித்த இடம் எல்லாம் அடுப்படிக் கரி மாதிரி கிடந்தது. எதிர்ப்பாறை கறுத்துப் புகைந்தது. முதலில் விழுந்த மூட்டை இருந்த இடத்தில் மூட்டை இல்லை. தள்ளி விழுந்தவை எரிந்துகொண்டிருந்தன, கடுக்காய் ஒவ்வொன்றாக வெடித்துத் தெறித்தது.

"கரடி எங்கடா?" என்றாள் மெதுவாக.

"கரடி இல்லக்கா."

வெள்ளச்சி அந்தக் கரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முட்டி தேய்ந்து ரத்தம் வழிந்தது, அதையும் பார்க்கவில்லை. மீனா மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். நாலு மாசம் என்று இவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. 

அரை மணி கழித்து, பச்சைக் கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு தமிழ்மொழி ஓடி வந்தாள். ஒவ்வொருத்தியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஏழு என்று முடித்த பிறகு மண்ணில் உட்கார்ந்து அழுதாள். "நோட்டீஸ்ல அவ்வளவு தெளிவா எழுதியிருந்தேனே... யாரும் படிக்கலையா?"

"இன்னா நோட்டீசு?" என்றாள் வெள்ளச்சி.

வெற்றிசெல்வன் எழுந்து போனான். கீழே வண்டி சீட்டைத் தூக்கி, நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு வந்தான். ரப்பர் வளையம்கூடப் பிரிக்கப்படவில்லை. தமிழ்மொழி அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் ஒன்றை உருவி மீனாவிடம் நீட்டினான்.

மீனா படித்தாள். "ராக்கெட் மோட்டார் சோதனை. சத்தம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், சங்கு ஊதினாலும், கீழே இருந்து ஆள் வந்து பச்சைக் கொடி காட்டும் வரை யாரும் இறங்க வேண்டாம்." அந்த வரியை இரண்டாம் தடவையும் படித்தாள். 

"எப்ப அடிச்சது இது?" என்றாள் வெள்ளச்சி.

"போன வாரம்."

"உன்னாண்ட இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவனை யாரோ வெளியூர்க்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அது தாங்காமல் அவன் கொட்டினான், எல்லாவற்றையும், ஒரே மூச்சில். இது வானத்துக்குப் போகிற ராக்கெட், யார் மேலேயும் விழாது, மழையைப் பற்றிச் சொல்லும். இதற்கு முன்னால் செய்தது பெயின்ட் இல்லை, ஏவுகணை. இருபத்தொரு வருஷம். அங்கே செய்ததை எங்கோ தூரத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய், வேலி போட்டு, துப்பாக்கியோடு காவல் நிறுத்தித்தான் சோதனை நடக்கும். பாதை கிடையாது, சந்தைக்குப் போகிறவர்கள் கிடையாது. யாருக்கும் எதையும் சொல்ல வேண்டிய வேலையே இருந்ததில்லை. சொல்லிப் பழக்கமில்லாமல் போயிற்று, மன்னித்துவிடு.

"ஏவுகணைன்னா?" என்று மீனாவைக் கேட்டாள் வெள்ளச்சி.

"டிவில சண்டைல வுடுவாங்களே அத்தை. பறந்து போயி எங்கனா வுழுந்து வெடிக்குமே, அது."

"இதே நெருப்புதானா?"

"இதே மருந்துதான்க்கா" என்றான் வெற்றிசெல்வன்.

வெள்ளச்சி கரிந்துபோன பாதையைத் திரும்பிப் பார்த்தாள். கடைசி மூட்டை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பார்த்தபடியே கேட்டாள். கோபம் இல்லை அந்தக் குரலில், குத்திக் காட்டுகிற எண்ணமும் இல்லை, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"நீ செஞ்சது போயி வுழுற எடத்துலயும் பொம்பளைங்க சந்தைக்கு நடந்துக்கினு இருப்பாங்கல்ல? அங்க யாருடா கரடின்னு கத்துவாங்க?"

இருபத்தொரு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவனும் கேட்டுக்கொண்டதில்லை.  கையிலிருந்த நோட்டீஸ் கட்டு நழுவி, ரப்பர் வளையம் அறுந்து, காகிதங்கள் பாதை நெடுகப் பறந்துபோய்க் கரியில் விழுந்தன. வெள்ளச்சி குனிந்து, தன் காலடியில் கிடந்த ஒன்றை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மீனாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.